கோடி போன ஏரி

நிபந்தனை நான்கு:
வலைக்கண்ணி இரண்டு விரலுக்குக் குறையக் கூடாது.
நிபந்தனை ஏழு:
வெடி, விஷம், கரண்டு கூடாது.
நிபந்தனை பதினொன்று:
பசலி முடிந்தால் குத்தகையும் முடியும்,
தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும்.

வரவில்லை, இரண்டு வருஷம்.
வேப்பமடுகு ஏரியின் நடுவில்
ஸ்டம்பு நட்டு ஆடினார்கள் பையன்கள்.
அதற்கு உரிமம் கேட்க
எந்தத் துறையிலும் படிவம் இல்லை.
ஜலகண்டன் மட்டும் ஜூலை தவறாமல்
வேலூர் வந்து பணம் கட்டி
ரசீதை நான்காய் மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார்.
மீன் ஏலம் எடுத்தவன் மூக்கில் புழுதி என்பார்.
சிரிக்க மாட்டார்.

ஆவணியில் அரை ஏரி.
கடன் வாங்கி விட்டார் இருபதாயிரம் குஞ்சு,
கட்லா, ரோகு, மிர்கால்.
கார்த்திகையில் பாலாறு திரும்பிப் பார்த்தது.
விடிகாலை நாலரைக்கு என் போன்:
"ஏரி கோடி போவுது மேடம்.
என் கோடி போவுது."

பள்ளிகொண்டா தாண்டி வண்டியைத் திருப்பும்போதே
தண்ணீரின் சத்தம்.
கலங்கலுக்குக் கீழே ஊரே நின்றது.
கொசுவலை, கோணிப்பை, கல்யாணப் புடவை,
உடைந்த மின்விசிறியின் கம்பிக்கூடு.
ஒருவன் ஹெல்மெட்டால் அள்ளினான்,
அதை வண்டியில் ஒருநாளும் போட்டிருக்க மாட்டான்.

நான் சட்டத்தின் ஆள். கையில் அளவுகோல்.
கலங்கல் கல்லுக்கு உள்ளே இருக்கும்வரை
மீன் குத்தகைதாரருடையது.
தாண்டிக் கால்வாயில் விழுந்தால் நீர்வளத்துறை.
கால்வாய் பிதுங்கித் தார்ச்சாலையில் துள்ளினால்
நெடுஞ்சாலைத் துறையைத்தான் கேட்க வேண்டும்.
சாலை கடந்து நெல்லுக்குள் புகுந்தால்
பட்டா யார் பெயரில் என்று பார்க்க வேண்டும்.
ஒரே மீன். ஒன்றரை நிமிஷம்.
நாலு கோப்பு.

கன்னியம்மா நின்றது
யாரோ ஒருவரின் நாற்றங்காலில்.
இடுப்புக் குடத்துக்குள் விரால்,
முழங்கை நீளம், திரும்ப இடமில்லாமல்.
"கொடத்த எறக்கு" என்றார் ஜலகண்டன்.
அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்:
"கட்லா இவுரு வுட்டது. ஒண்ணு தொடல.
விரால யாரு வுட்டது?
பசங்க பந்து ஆடச்சொல்ல
இது கீழ சேத்துல பட்த்துகினு இருந்துச்சி.
அப்ப இவுரு ரசீத
இதாண்ட காட்னாரா?"

நிபந்தனைகளைப் புரட்டினேன்.
நீர்ப்பரப்பிலுள்ள அனைத்து மீன்களும்
என்றிருந்தது.
சேற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
ஜலகண்டனும் எட்டிப் படித்தார், உதடு அசைய.
பிறகு தன் ரசீதை எடுத்துப் பிரித்தார்.
மடிப்பில் கிழிந்து நாலு துண்டாக வந்தது.
"எயுதிக்கோ மேடம், இன்னா வேணா எயுதிக்கோ"
என்று கரையில் குந்தினார்.
யாரோ டீ கொடுத்தார்கள். குடித்தார்.
கன்னியம்மா குடத்தை இறக்கவும் இல்லை,
நகரவும் இல்லை.

அறிக்கையில் எழுதினேன்:
விரால், ஒன்று.
நீளம், நாற்பத்தாறு சென்டிமீட்டர்.
பிடிபட்ட இடம்
என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன்.
மை ஊறிப் பெரிதாகிக்கொண்டே போனது
ஒரு குட்டை மாதிரி.
நிமிர்ந்து பார்த்தபோது
குடமும் இல்லை, அவளும் இல்லை.
ஜலகண்டன் பார்த்திருப்பார்.
கேட்டதற்கு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

இருட்டித் திரும்பும்போது
சாலை நடுவே ஏதோ நெளிந்தது.
இன்னொரு விரால்.
செதிலால் தாரைத் தள்ளித் தள்ளி,
நின்று, வாய் திறந்து, மறுபடி.
ஒரு பக்கம் ஏரி. ஒரு பக்கம் வயல்.
முன்னும் பின்னும் லாரி இல்லை.
வண்டியை ஓரம் கட்டி
விளக்கை அணைத்தேன்,
எந்தப் பக்கம் போகிறது என்று
நான் பார்த்துவிடக் கூடாது.